இரவல் வாய்

எடப்புளி நாடு, கொல்லிமலை
புரட்டாசி, வெள்ளிக்கிழமை

கண்ணு கோகிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, தம்பி பூபதி, ஆடு மாடு எல்லோரும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உடம்புக்குத்தான் சுகம், எனக்கு மனசு ஒரு வாரமாகக் குமட்டிக்கொண்டு கிடக்கிறது. சென்னையில் நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலேயே உன் சுகம் தெரிந்துவிட்டது. போனிலேயே திட்டியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேச நான் மிளகுக் காட்டுக்கு மேலே பாறையில் ஏறி நிற்க வேண்டும், அங்கே நின்று கத்தினால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் களை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதுவும் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் பரவாயில்லம்மா பரவாயில்லம்மா என்று நீ குறுக்கே விழுந்து போனை வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது, முழுசாக வாங்கிக் கட்டிக்கொள்.

நீ சொன்னதை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேனா என்று பார். உங்கள் வகுப்பில் ஒரு பழைய மலைநாட்டுக் காதல் பாட்டு நடத்தியிருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான், இந்தப் பக்கம் தலைவியும் அவளுடைய தோழியும். பேசுவது முழுக்கத் தோழிதான். இவள் இளைத்துப் போனாள், இவளுக்குத் தூக்கமில்லை, சீக்கிரம் வந்து கட்டிக்கொள் என்று தோழியே அடுக்கிக்கொண்டு போகிறாள், தலைவி கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை. பேராசிரியர் தோழியின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து தள்ளினாராம். உனக்கு மட்டும் உறுத்தியதாம், தோழி சொல்வதெல்லாம் தலைவி சொல்லச் சொன்னதுதானா, அவள் வேறு என்னவோ சொல்ல நினைத்திருந்தால் என்ன செய்வது, அவனைக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்றேகூட நினைத்திருக்கலாமே, அவளை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று. பாறை மேல் நின்று இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது கண்ணு. பாட்டு புரிந்ததோ இல்லையோ, இப்படி ஒன்று என் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. நீ என்ன சொன்னாய் அடுத்து? கை தூக்கப் பயமாக இருந்தது, பக்கத்தில் இருந்த ஹேமலதா காதில் சொல்லி, நீ சொல்லேன் என்று தள்ளிவிட்டேன் என்றாய். அவள் எழுந்து நின்றாளாம், எனக்கு ஒன்று தோன்றுகிறது சார் என்றாளாம். எனக்கு! பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது புதுப் பார்வை என்று பாராட்டி, வரும் மாதம் கருத்தரங்கில் இதையே கட்டுரையாகப் படி என்று அவளிடம் சொல்லிவிட்டாராம். அந்தக் கட்டுரையை ஹாஸ்டலில் உட்கார்ந்து அவளுக்கு எழுதிக்கொடுக்கப் போவது நீயாம். கேட்டால், அவ மேல தப்பு இல்லம்மா, நான்தானே சொல்லச் சொன்னேன் என்கிறாய். அட சீ என்று இருந்தது எனக்கு. அந்தப் பாறையிலேயே காறித் துப்பிவிட்டுத்தான் இறங்கினேன். உன் மேல் பாதி, அந்தப் பிள்ளை மேல் பாதி.

அந்த ஹேமலதா முகம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு வாரமாகச் சட்டியைக் கழுவினால் சட்டியில் அவள் முகம்தான். கைதட்டல் வாங்கிக்கொண்டு எப்படித்தான் சோறு இறங்கியதோ அவளுக்கு. ஹாஸ்டலுக்கு வந்து உன் கட்டிலிலேயே உட்கார்ந்து, தேங்க்ஸ்டி என்று கன்னத்தைக் கிள்ளினாள் என்று நீ சொல்கிறாயே, அந்தக் கிள்ளலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருடினவள் ஒளிந்துகொண்டாலாவது ஒரு மரியாதை இருக்கும். அந்தப் பேராசிரியரையும் சும்மா விடக் கூடாது. முதல் மாதம் நீ ஏதோ கேள்வி கேட்டபோது எங்க ஊட்டுல என்று வாயில் வந்துவிட்டது, பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து பல்லைக் காட்டினார் என்றாய். அன்றைக்கு மூடின வாய்தானே உன்னுடையது. மலைப் பாட்டு நடத்துகிற மனுஷனுக்கு மலைப் பிள்ளை பேசுவது சிரிப்பாக இருக்கிறதாம், என்ன கண்றாவி.

ஆனாலும் உன் தப்பு எங்கே என்று எனக்குத்தான் தெரியும், சென்னையில் ஒருத்தருக்கும் தெரியாது. நம் ஊர்க்கூட்டம் உனக்கு நினைவிருக்கும். ஆண்கள் மந்தைக் கல்லில், நாம் பின்னால் கோயில் சுவரோரம். பெண்பிள்ளைக்கு ஒரு சங்கதி இருந்தால் புருஷனிடமோ கூடப் பிறந்தவனிடமோ சொல்லிவிட வேண்டும், அவன் எழுந்து தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இது என்னோட வார்த்தை இல்லீங்க, இன்னாரோட வார்த்தைங்க என்று சொன்ன பிறகுதான் மேலே பேசுவான். துண்டு கட்டாமல், பேர் சொல்லாமல் அடுத்தவர் வார்த்தையை எடுத்தவன் எவனும் நம் மந்தையில் கிடையாது. நீ அந்தச் சுவரோரம் என் மடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள். ஹேமலதாவும் எழுந்து, இது கோகிலா சொன்னது சார் என்றுதான் ஆரம்பிப்பாள் என்று நம்பிவிட்டாய். அவளுக்கு அந்த வழக்கத்தை யார் சொன்னார்கள்? அவள் ஊரில் வாயில் வந்தது வாய்க்காரிக்குச் சொந்தம். நீ மந்தையில் செய்கிறதை வகுப்பில் செய்துவிட்டு, தப்பு யார் மேலும் இல்லை என்று மென்று முழுங்கிக்கொண்டு நிற்கிறாய்.

இனி இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி. நம் ஊற்றுக்கு மேலே கீழ்நாட்டுக்காரர் ஒருவர் விடுதி கட்டினாரே, பொங்கலுக்கு நீ வந்தபோது சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. இப்போது சனி ஞாயிறு என்றால் மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து கார் காராக ஏறி வருகிறது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வருகிறார்கள், வந்து குடித்துவிட்டு மறுபடியும் வாந்தி எடுக்கிறார்கள். அந்த விடுதியின் கழிவுக் குழாயை நம் ஊற்றுக்கு நேர் மேலே புதருக்குள் விட்டுவிட்டார்கள். முதலில் தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி பளபளவென்று மிதந்தது, பிறகு சோப்பு நுரை வந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை குடத்தில் மொண்டு வந்து அண்டாவில் ஊற்றுகிறேன், வெள்ளையாக, நீளமாக ஒன்று வழுக்கிக்கொண்டு விழுந்தது. கோழிக் குடல். புரட்டாசி மாதம், கவுச்சி படக் கூடாது என்று சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிற வீட்டில். அண்டாவைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டி, புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, இன்னும் அந்த நாற்றம் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு ஒரு வாய்ச் சோறு உள்ளே இறங்கவில்லை. பூபதி மட்டும் நன்றாகத்தான் சாப்பிட்டான், அவனுக்கு எதுவும் உறைக்காது.

பெண்பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். ஆண்களுக்கு அந்த ஊற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது, செம்பில் வந்தால் குடிப்பார்கள், தீர்ந்தால் சத்தம் போடுவார்கள். விடுதிக்காரர் வேறு திருவிழாவுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார், அதோடு மந்தை முழுக்க வாயில் கொழுக்கட்டை. நேற்று சாயங்காலம் கூட்டம் என்று தெரிந்ததும் உங்கப்பாவுக்குச் சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். குழாயை எடுக்க வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் பெண்பிள்ளைகள் நாங்களே போய் மண் வைத்து அடைத்துவிடுவோம், இவ்வளவுதான் சங்கதி. தலையைத் தலையை ஆட்டினார். மந்தையில் எழுந்தார், துண்டை இடுப்பில் கட்டினார், இது என்னோட வார்த்தை இல்லீங்க, மாதம்மாளோட வார்த்தைங்க என்றார். அதுவரை குறை சொல்ல முடியாது. பிறகு தொண்டையைக் கனைத்தார். விடுதிக்காரர் வெள்ளை வேட்டியோடு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவர் முகத்தை இவர் ஒரு தரம் பார்த்தார். பொம்பளைங்க தண்ணி கொஞ்சம் வாசம் அடிக்குதுங்கறாங்க, ஊரு பாத்து எப்படிச் சொல்லுதோ அப்படியே ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் வாசமாம்! என் பேரைச் சொல்லி, என் வார்த்தை என்று சொல்லி, நான் சொல்லாததைச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்த மனுஷன் மேல் எனக்கு அப்படி ஓர் அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததில்லை. உன் பாட்டில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாளே அந்தத் தலைவி, அவளுக்குப் பக்கத்தில் நானும் நிற்கிற மாதிரி இருந்தது.

நான் எப்படி எழுந்தேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. என்னிடம் துண்டு ஏது, முந்தானையை இழுத்து இடுப்பில் சுற்றிக் கட்டினேன். இது என்னோட வார்த்தைங்க என்றேன். உங்கப்பாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னேனே, அதில் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. நேத்து எங்க ஊட்டு அண்டாவுல கோழிக் கொடலு கெடந்துச்சுங்க, அதே தண்ணியத்தான் நீங்க எல்லாரும் குடிக்கறீங்க என்றேன். குரல் கீச்சென்று வேறு யாருடையதோ மாதிரி வந்தது. நேற்று இல்லை, அதற்கு முந்தின நாள், அதைக்கூடத் தப்பாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பொன்னம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைசாமி மாமா புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, அதான் ஊட்டுக்காரர் சொல்லிப்போட்டாருல்லம்மா, நீ உக்காரு என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், உன் வகுப்பில் சிரித்தார்களே அதே சிரிப்பு, எல்லா ஊரிலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும் போல. நான் உட்காரவில்லை. அவரு சொன்னது அவரோட பயத்துல சொன்னதுங்க, என்னோடது இன்னும் முடியலைங்க என்றேன். உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில்தான் மழை நினைவுக்கு வந்தது, மழைக்கு முன்னாடி கொழாய எடுத்தாகணுங்க என்று சொன்னேன். அடைத்துவிடுவோம் என்பதைச் சொல்ல மறந்தே போனேன். ஊர்க்கவுண்டர் சாமியப்பன், காலையில போயிப் பாத்துப்போடலாம் என்றார்.

இன்று காலையில் போனார்கள், பின்னாலேயே நானும் போனேன். முன்னால் போனது குழந்தைசாமி மாமாதான், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடலாம் என்று நினைத்திருப்பார். புதரை விலக்கினதும் பாட்டில், பிள்ளைகளுக்குக் கட்டுகிற பேம்பர்ஸ், கோழி இறகு, எல்லாம் கூழாகிக் கிடக்கிறது. மனுஷன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தார் பார், புகையிலை எல்லாம் வெளியே. சீ சீ, இதையா நாம குடிச்சோம் என்று என்னையே கேட்கிறார். ஆமாங்க மாமா, ஆறு மாசமா என்றேன். விடுதிக்காரர் பத்து நாளில் மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பத்து நாள் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். குழாய் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, நாங்கள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நடந்து போய்த் தண்ணீர் எடுக்கிறோம், முழங்கால் விட்டுப் போகிறது. பெண்பிள்ளை மந்தையில் பேசிவிட்டாள் என்று உன் அத்தை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். போகட்டும். பேசினதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு நான் கதை விட மாட்டேன். பேசி முடித்து வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் போய் வாந்திதான் எடுத்தேன். ஆனால் வார்த்தை என்னுடையதாக வெளியே போனது, அதை இனி யாரும் கொஞ்சம் வாசம் என்று மாற்ற முடியாது.

அதனால் சொல்கிறேன், ஹேமலதாவோடு போய் மயிரைப் பிடித்துச் சண்டை போடாதே, அதற்கு அவள் லாயக்கில்லை. அந்தக் கட்டுரையை அவளுக்கு எழுதிக் கொடுக்காதே, ஒரு வரிகூட. இது என்னோடது, நானே படிக்கப் போகிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அழுதால் அழட்டும், சிநேகிதம் போனால் போகட்டும், அப்படிப்பட்ட சிநேகிதத்தை வைத்துக்கொண்டு ஊறுகாயா போடப் போகிறாய். புதன்கிழமை மறுபடி அதே வகுப்பு என்றாய் அல்லவா. முன் பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்றுகூட இல்லை, உன் மூலையிலிருந்தே எழுந்து நின்று, அன்றைக்கு ஹேமலதா சொன்னது நான் சொல்லச் சொன்னது, மீதியையும் நானே சொல்கிறேன் சார் என்று ஆரம்பி. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க என்று மட்டும் ஆரம்பிக்காதே, அப்படிக் கேட்டால் மன்னிக்கிறதற்கென்றே நாலு பேர் தயாராக இருப்பார்கள். ஊட்டுல என்று வாயில் வந்தால் வரட்டும். பேராசிரியர் நம்பாவிட்டால், அந்தத் தலைவி என்ன சொல்ல நினைத்திருப்பாள் என்று ஹேமலதாவைக் கேட்கச் சொல், அவள் திருதிருவென்று விழிப்பாள். குரல் கீச்சென்று வரும், பாதி மறந்து போகும், வந்த பாதியைச் சொல்லிவிட்டு உட்கார். எம்.ஏ.வைப் பாதியில் விட்டுவிடுகிறேன், பி.எட். சேர்ந்துகொள்கிறேன் என்று போனில் முனகினாயே, அதை இன்னொரு தரம் என் காதில் போடாதே. அங்கே வாயைத் திறக்காதவள் பி.எட். படித்துவிட்டு எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாய்?

சுகுணா அத்தை மகன் நாமக்கல் போகிறான், அங்கிருந்து சென்னை பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி இந்தக் கடிதத்தோடு கொஞ்சம் மிளகும் சாமை அரிசியும் அனுப்புகிறேன். மிளகை ஹேமலதாவுக்குப் பங்கு கொடுக்காதே. தலைக்கு எண்ணெய் வை, சளி பிடித்தால் கஷாயம் வைத்துக் குடி, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. அம்மன் உன் நாக்கில் குடியிருந்து காப்பாற்றட்டும், நூறு வயசு நன்றாக இரு. புதன்கிழமை சாயங்காலம் நான் பாறையில் நிற்பேன், போன் செய்.

உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்டேன்னு எழுது, நான் இப்படிச் சொன்னேன்னு எழுது என்கிறார். எழுத மாட்டேன் என்றுவிட்டேன். அவர் வார்த்தையை நான் ஏன் எழுத வேண்டும், பேனாவை அவர் கையிலேயே கொடுக்கிறேன். எழுதினால் எழுதட்டும்.

உன் அம்மா
அ. மாதம்மாள்

கண்ணு கோகிலா நான் அப்பா. எழுத்து கோணலா இருக்கும் பாத்துப் படிச்சுக்க. உங்கம்மா சொல்லச் சொன்னது எனக்கு மறக்கலை சாமி, எல்லாமே ஞாபகம் இருந்துச்சு. அந்த ஆளு மொகத்தப் பாத்ததும் பயந்துட்டேன். உன்னோட வார்த்தைய நீ யாருகிட்டக் குடுத்தாலும் அவங்களுக்குன்னு ஒரு பயமோ ஆசையோ இருக்கும். நீயே சொல்லிரு.

அருணாசலம்